சென்னை போன்ற நகரங்களில் ஆங்கிலேயர் போட்ட கோடுகள் இன்னும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கின்றன?

நடைபாதை (கேள்வி)

வணக்கம். கட்டடக்கலை, சிவில் மாணவர்களுக்காகச் சென்னையில் ஒரு நகர்நடைக்குக் குறிப்புகள் தயாராகின்றன. காலனி ஆட்சியின் தடம் என்றாலே எல்லாரும் கோட்டை, ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம் என்று சிவப்புக் கட்டடங்களைத்தான் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அவற்றால் இன்று யாருடைய வீட்டு வரைபடமும் மாறுவதில்லை.

எனக்குத் தேவை வேறு. இன்று ஒருவர் மனை வாங்கும்போது, வீடு கட்டும்போது, மழையில் தெரு மூழ்கும்போது, அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் பழைய ஏற்பாடுகள் எவை?

குறிப்பாக மூன்று. வீட்டைச் சுற்றி இடம் விடச் சொல்லும் விதி எங்கிருந்து வந்தது? ஏரிகள் எப்படி இவ்வளவு சுலபமாக மனைகளாயின? கழிவுநீர்க் குழாய் அமைப்பில் பழைய பங்கு எவ்வளவு? அளவு, ஆண்டு, விதி என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் எழுதுங்கள். பொதுவான வருத்தம் வேண்டாம்.

முற்றம்

இடைவெளி விதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் இரண்டு வேர்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் வேர் லண்டன். 1894-ஆம் ஆண்டு லண்டன் கட்டடச் சட்டம் வீட்டின் பின்புறத்துக்கு 63½ பாகைக் கோணம் ஒன்றை வைத்தது. பின் எல்லையிலிருந்து அந்தக் கோணத்தில் ஒரு சாய்கோடு இழுத்தால் கட்டடம் அதைத் தாண்டி உயரக் கூடாது. 63½ பாகை என்பது ஏதோ விசித்திரமான எண் அல்ல. உயரம் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு வரும் கோணம் அது. 6 மீட்டர் உயரச் சுவருக்கு 3 மீட்டர் திறந்த இடம் வேண்டும், அவ்வளவுதான். பம்பாயில் 1896-இல் பிளேக் வந்து, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்த பிறகு, அதே 63½ பாகை அங்கே அளவுகோலாயிற்று. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஆர் அதற்காக வலுவாக வாதாடினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லண்டன் சட்டம் பேசியது வரிசை வீடுகளைப் பற்றி. பக்கச் சுவர் இருவருக்கும் பொது. முன்னே தெரு, பின்னே கொல்லை. நாலு பக்கமும் விலகி நிற்கும் வீட்டை அது கேட்கவே இல்லை.

அப்படியானால் நாலு பக்க இடைவெளி எங்கிருந்து வந்தது? அது இரண்டாவது வேர். மவுண்ட் ரோட்டின் இருபுறமும், நுங்கம்பாக்கம், எழும்பூர் பக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகள் ஏக்கர் கணக்கில் பரந்தவை. வீடு அவற்றின் நடுவில் நின்றது. அதோடு ராணுவக் குடியிருப்பு வந்து சேர்ந்தது. இந்தியாவில் இருந்த ராணுவத்தின் உடல்நலம் குறித்த அரச ஆணையத்தின் 1863 அறிக்கைக்குப் பின் பாசறைகளுக்கிடையே காற்று ஓட இடம் விடுவது கட்டாயம் போலாயிற்று. நோய் கெட்ட காற்றிலிருந்து வருகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. காலரா தண்ணீரில் வருவதும், பிளேக் எலித் தெள்ளால் பரவுவதும் பின்னால் நிலைநாட்டப்பட்டன. அதற்குள் அகலத் தெரு, தனித்து நிற்கும் வீடு என்ற வடிவம் சுகாதாரத்தின் இலக்கணமாக உறைந்துவிட்டது.

ஏக்கர் கணக்கிலான தோட்டத்துக்குப் பொருந்திய வடிவத்தை முக்கால் கிரவுண்டில் வைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போடுங்கள். 30 அடிக்கு 60 அடி மனை, 167 சதுர மீட்டர். முன்னும் பின்னும் ஒன்றரை மீட்டர், இரு பக்கமும் 1 மீட்டர் விட்டதாக வைத்துக்கொள்வோம். (அவரவர் மனைக்கான சரியான அளவை 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சாலை அகலம், கட்டட உயரம் பார்த்து எடுக்க வேண்டும், இது விளக்கத்துக்கான கணக்கு.) கட்டக் கிடைப்பது 109 சதுர மீட்டர், திறந்த இடம் 58. அதில் பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து 30.6 சதுர மீட்டர்.

அந்த 30.6 சதுர மீட்டரால் யாருக்கு என்ன பயன்? பக்கத்து வீட்டுக்காரரும் 1 மீட்டர் விட்டிருந்தால் இரண்டு சுவருக்கும் நடுவே 2 மீட்டர். எதிர்ச்சுவர் 7 மீட்டர் உயரம். தரைத்தளத்து ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் மேலே. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரின் தலை ஏறக்குறைய 72 பாகையில் நிற்கும். நேர் மேலே 18 பாகை அளவுக்கு ஒரு கீற்று வானம் தெரியும். 63½ பாகை விதிப்படி 6 மீட்டர் தடுப்புக்கு 3 மீட்டர் தூரம் வேண்டுமே! ஆக இடைவெளி விடும் வழக்கம் வந்து சேர்ந்தது, அதற்குப் பின்னால் இருந்த வெளிச்சக் கணக்கு வந்து சேரவில்லை. அந்தப் பட்டை இன்று ஏ.சி. வெளிப்பெட்டிக்கும், கழிவுநீர்த் தொட்டி மூடிக்கும், பழைய மரச்சாமானுக்கும் இடமாகிறது. இரண்டு வீட்டு ஏ.சி.யும் அங்கேயே வெந்நீராவி போலக் காற்றைக் கக்கினால் ஜன்னலைத் திறக்கவே முடியாது.

அதே 30.6 சதுர மீட்டரை நடுவில் வைத்தால் ஐந்தரைக்கு ஐந்தரை மீட்டர் முற்றம். பொதுச்சுவர் வைத்து, முற்றத்தைச் சுற்றி அறைகளை அடுக்கினால் ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். கிழக்கு மேற்கு வெயில் படும் சுவரும் குறையும். சென்னையில் டிசம்பர் 21 அன்றுகூட நண்பகல் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்கும். லண்டனில் அன்று 15 பாகைதான். நமக்குத் தேவை வெயிலைத் தடுப்பது, அவர்களுக்கு வெயிலைப் பிடிப்பது.

சட்டத்தில் இதற்கு ஒரு சன்னல் உண்டு. 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகை இருக்கிறது. ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகள் அதில் வரும். அங்கே பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம். உங்கள் நடையில் பவழக்காரத் தெருவையும் தி.நகரின் ஓர் உட்தெருவையும் ஒரே நாளில் காட்டுங்கள். மாணவர்கள் கையில் டேப் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஜி_லைன்

முற்றம் சொன்னது வீட்டுக்குள். நான் மனைக்கு வெளியே போகிறேன். ஏரி எப்படி மனையாயிற்று என்ற கேள்விக்கு விடை கட்டட விதியில் இல்லை, வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது.

பயிரிடுபவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை, சென்னை ஆளுநர் மன்ரோ காலத்தில் நிலைபெற்றபோது நிலம் தீர்வையை (நிலவரியை) வைத்துப் பிரிக்கப்பட்டது. தீர்வை கட்டும் நிலம் நன்செய், புன்செய் என்று பட்டாவில் ஏறியது. தீர்வை கிடைக்காதது புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் இந்த ஒரே கட்டத்தில் விழுந்தன. பிறகு 1905-இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. அதன் 2-ஆம் பிரிவு சாலை, தெரு, ஆற்றுப்படுகை, ஏரி, நீர்வழி, பிறருக்குச் சொந்தமில்லாத நிலம் அனைத்தும் அரசின் சொத்து என்கிறது. 1923-இன் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அவற்றின் எல்லைகளைக் கல் நட்டுப் பதிந்தது. 1905, 1923 இரண்டும் இன்றும் நடைமுறையில் உள்ளவை. பெயரில் மெட்ராஸ் போய்த் தமிழ்நாடு வந்தது, அவ்வளவே.

அதற்கு முன் ஏரி என்பது ஆயக்கட்டுக்காரர்கள் (அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள்) மடை திறந்து, முறை வைத்துப் பாய்ச்சி, மராமத்துப் பார்த்த பொது ஏற்பாடு. பதிவேட்டில் அது 'வருமானமில்லாத அரசு நிலம்' ஆனதும், நகரம் வளரும்போது முதலில் கை வைக்கத் தோதான இடம் அதுவே. தனியாரிடம் கையகப்படுத்தினால் அன்றைய 1894 நில எடுப்புச் சட்டப்படி சந்தை விலையும் அதன்மேல் நூற்றுக்கு 15 ஆறுதல் தொகையும் தர வேண்டியிருந்தது. ஏரிப் புறம்போக்குக்கு அந்தச் செலவு இல்லை. உத்தரவு ஒன்று போதுமாயிருந்தது.

தி.நகர் இதன் பெரிய உதாரணம். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பைப் பழைய வரைபடங்கள் 'லாங் டேங்க்' என்று குறிக்கும். 1920-இன் மெட்ராஸ் நகரத் திட்டமிடல் சட்டத்துக்குப் பின், 1923 முதல் அதை வடித்து மாம்பலத்தில் தெரு போட்டார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து அகலத் தெருக்கள் பிரியும் வடிவம் அன்றைய இங்கிலாந்துத் தோட்டப் புறநகர்ச் சிந்தனை. சென்னையின் நகரத் திட்ட ஆலோசகராக இருந்து 1918-இல் நூலும் வெளியிட்ட லான்செஸ்டர் போன்றவர்கள் பரப்பியது அது. பெயர்கள் இன்னும் சாட்சி சொல்கின்றன: நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', 'லேக் ஏரியா', மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு'. வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி நிலத்தில்தான்.

தெருவுக்குத் திட்டம் போட்டவர்கள் நீருக்கும் போட்டார்களா என்று கேட்டால், மாம்பலம் கால்வாய் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகரைக் கடந்து, நந்தனம் அருகே அடையாற்றில் விழுகிறது. பழைய ஏரிப்படுகையின் மழைநீருக்கு முக்கிய வடிகால் அதுதான். அதன் குறுக்கே ஒரு தடுப்பு விழுந்தால் போதும், நீர் தேங்கிவிடும். 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் நீர் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்தோம். ஏரி இருந்த காலத்தில் நீர் தங்க ஓர் இடம் இருந்தது, போக ஒரு கலிங்கு இருந்தது. இப்போது தங்கும் இடம் வீடுகளின் தரைத்தளம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இதே வழிதான். முகப்பேர் ஏரித் திட்டம், அம்பத்தூர் ஏரித் திட்டம் என்று பெயரிலேயே ஏரியை வைத்துக்கொண்டு மனைப்பிரிவுகள் வந்தன. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் நிலத்தில் நிற்கிறது. ஏரியைப் பாதுகாக்கவென்று தனிச் சட்டம் வர 2007 ஆயிற்று.

தெற்குவாசல்

ஜி_லைன் எழுதியது சரி. ஆனால் இந்த இழை போகும் திசையில் ஓர் அபாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் கணக்கில் எழுதிவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது.

ஒன்று, தி.நகர். பெயரைப் பாருங்கள்: தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான், டி.எம். நாயர், நடேசன். நீதிக்கட்சி ஆட்சியிலும் இந்தியர் பெரும்பான்மையாக அமர்ந்த மாநகராட்சி மன்றத்திலும் நடந்த வேலை அது. அச்சு இறக்குமதி, கை நம்முடையது.

இரண்டு, பிரித்து வைத்தல். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று பிரித்தது கம்பெனி. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து, 1749-இல் திரும்பக் கிடைத்த பிறகு, பீரங்கிக்கு மறைவில்லாத வெளி வேண்டுமென்று கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் பட்டணத்தை அடியோடு அகற்றினார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடம் அது. இதற்கு மேல் கட்டாதே என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. நடையில் கட்டாயம் காட்டுங்கள், பலர் பார்க்காமலே கடக்கிறார்கள். 1906-இல் புதிய கறுப்பர் பட்டணத்துக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் அந்தப் பட்டணத்துக்குள்ளே வலங்கை, இடங்கை என்ற சாதி அணிகளாகப் பேட்டை பிரித்துக்கொண்டதும், சேரியை ஊருக்கு வெளியே வைத்ததும் நாம். கம்பெனி அந்தப் பிரிவைத் தன் வசதிக்குப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது.

மூன்று, எல்லாத் திட்டக்காரரும் ஒரே மாதிரி அல்லர். 1914–15-இல் ஆளுநர் பெண்ட்லண்ட் அழைத்துவந்த ஸ்காட்லாந்து நகரத் திட்டக்காரர் பேட்ரிக் கெடஸ் சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூரில் நெருக்கமான குடியிருப்பை இடித்து நேர்க்கோட்டுத் தெரு போட நகராட்சி வைத்திருந்த யோசனையை எதிர்த்து, இடிந்த வீடுகள் இருக்கும் இடங்களை மட்டும் திறந்து, சந்துகளை அங்கங்கே அகலப்படுத்தினால் போதும், செலவும் குறையும் என்று வரைந்து காட்டினார். அந்த யோசனை நம் கையில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளாதது யார்?

மதுரைக்காரர்களுக்கு ஒரு வரி. வெளி வீதிகள் இருப்பது பழைய அகழி இருந்த இடத்தில். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். தூர்ப்பவருக்கே அந்த நிலத்தைக் கொடுத்ததால் அரசுக்குச் செலவு மிச்சம். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை நடத்திய அளவையாளர், மேஸ்திரி பெயரில் உள்ளவை.

நீரோட்டம்

கழிவுநீர் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வரலாறு 1872-இல் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வெட்டியதில் தொடங்குகிறது. வடிகட்டும் படுகைகள் 1914-இல். அதே காலத்தில், பொறியாளர் மேட்லி தலைமையில், நகரம் முழுமைக்குமான கழிவுநீர்த் திட்டமும் வந்தது. 1961-இல் மக்கள்தொகை சுமார் ஆறரை லட்சம் இருக்கும் என்று வைத்துக் குழாய் விட்டம் முடிவாயிற்று. 1961 கணக்கெடுப்பில் சென்னை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிறகு பல முறை விரிவாக்கினார்கள், உண்மை. ஆனால் பழைய நகரத்தில் தெருவுக்கடியில் எந்தப் பக்கம் சரிவு, எங்கே நீரேற்று நிலையம் என்ற எலும்புக்கூடு அப்போது போட்டது.

சென்னை தட்டை. கழிவுநீர்க் குழாயில் மண் தங்காமல் இருக்க நொடிக்கு 0.6 மீட்டராவது ஓட்டம் வேண்டும். அதற்குச் சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்துக்குப் போய்விடும். நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டுவது கடினம், செலவும் அதிகம். ஆகவே சிறிது தூரத்துக்கு ஒரு நீரேற்று நிலையம், அங்கிருந்து அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று. நடுவில் ஒரு மோட்டார் நின்றால் அதற்கு மேலே உள்ள அத்தனை தெருவிலும் ஆள்நுழைவு மூடி வழியாகப் பொங்கும். பொங்கியது மழைநீர் வடிகாலில் இறங்கும், அங்கிருந்து கூவம்.

விட்டத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பார்கள். நன்றாகவே பலன் உண்டு. ஒரே சரிவில் 150 மி.மீ. குழாயை 200 ஆக்கினால் கொள்ளளவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 300 ஆக்கினால் ஆறு மடங்குக்கு மேல். ஆனால் கீழே உள்ள குழாயையும் மோட்டாரையும் மாற்றாமல் தெருக் குழாயை மட்டும் மாற்றினால் பொங்கும் இடம் நகரும், பொங்குவது நிற்காது.

வீட்டுக்காரர் பங்கும் இருக்கிறது. மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர் இணைப்பில் விடுவது சென்னையில் சாதாரணம். 1000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை என்றால் 2300 லிட்டர். ஐந்து பேர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர், அதில் நூற்றுக்கு 80 கழிவாகத் திரும்பினால் நாளுக்கு 540 லிட்டர். ஒரு மணி நேர மழை நாலு நாள் கழிவுக்குச் சமம். எந்தக் குழாய் தாங்கும்?

இன்னொன்று, இதை நடையில் மறைக்காதீர்கள். அந்தக் காலத்து மனைப்பிரிவுகள் பலவற்றில் இரண்டு வரிசை வீடுகளின் பின்னே ஒரு குறுகிய துப்புரவுச் சந்து இருக்கும். எடுப்புக் கழிப்பறையிலிருந்து மலத்தை அள்ளிச் செல்பவர் முன்வாசல் பக்கம் வராமல் இருக்க விட்ட வழி அது. சாதியை வரைபடத்தில் அளவு போட்டுக் குறித்த கோடு. பின்னாளில் குழாயைப் பதிக்க அந்தச் சந்தே தோதாக இருந்ததால் பல இடங்களில் ஆள்நுழைவுக் குழிகள் அங்கேயே அமைந்தன. அந்த அகலத்துக்குள் உறிஞ்சு லாரி நுழையாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்கிறது. இயந்திரம் போக வழியில்லாத இடத்தில் மனிதனை இறக்கும் சபலம் இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட சந்துகளைக் கணக்கெடுத்து, நீளக் குழாய் வைத்த சிறு இயந்திரமோ, குழியை முன்தெருவுக்கு மாற்றுவதோ செய்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

வெள்ளவத்தை

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. முற்றம் சொன்ன 63½ பாகை எங்கட பக்கம் அருங்காட்சியகப் பொருள் இல்லை. 1915-ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அந்த வெளிச்சக் கோணத்தோடு வந்தது. அந்தச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. 1978-இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்த பிறகும் இரண்டும் சேர்ந்துதான் ஓடுது.

நடைமுறையில் ஆக்களுக்குத் தெரியிறது 'வீதிக்கோடு'. எதிர்காலத்தில் வீதியை எவ்வளவு அகலமாக்குவம் என்று உள்ளூராட்சி சபை வரைபடத்தில் கீறி வைச்ச கோடு அது. காணி வாங்க முதல் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்க வேணும். கோடு உங்கட காணிக்குள்ளால போனால், அந்தப் பகுதியில் புதுசாகக் கட்ட விடமாட்டினம். இருக்கிற மதில் அப்படியே நிற்கும். இடிச்சுத் திருப்பிக் கட்டப் போனால் கோட்டுக்குப் பின்னாலதான். இதால ஒரே வீதியில் பழைய மதில் முன்னுக்கும் புதிய மதில் பின்னுக்குமாகப் பல்லு விழுந்த மாதிரி நிற்கும். வீதி அகலிக்கிற நாள் வராமலே போகலாம். ஆனால் வங்கி கடன் தரும்போது கோட்டுக்கு வெளியில உள்ள பரப்பைப் பெறுமதியில் கழிச்சுப்போடும். ஆகவே பரப்பை உறுதியில் (காணிப் பத்திரத்தில்) பார்த்து விலை பேசாமல், கோடு கழிச்ச பரப்புக்கு விலை பேசுங்கோ.

நடைபாதை

எல்லாருக்கும் நன்றி. எல்லைத் தூணும் துப்புரவுச் சந்தும் நடையில் சேர்ந்துவிட்டன. ஜி_லைன் அவர்களுக்கு ஒரு துணைக்கேள்வி. மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட மனை முன்பு ஏரியா, வாய்க்காலா என்று தாங்களே கண்டுபிடிக்க என்ன வரிசையில் தேட வேண்டும்? வில்லங்கச் சான்று எடுத்தால் தெரியுமா?

ஜி_லைன்

வில்லங்கத்தில் தெரியாது. அதில் பதிவான பரிமாற்றங்கள்தான் வரும். நில வகைப்பாடு வராது. வில்லங்கம் சுத்தமாக இருந்தும் மனை ஓடைக்குள் இருக்கலாம்.

முதலில் தாய்ப்பத்திரம். அதில் 'பழைய சர்வே எண் இன்னது, தற்போதைய டி.எஸ். எண் இன்னது' என்று இருக்கும் (டி.எஸ். என்பது டவுன் சர்வே, நகர நில அளவை). நகரப்பகுதியில் இன்றைய டி.எஸ். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பழைய கிராமத்தைப் பிடிக்க முடியாது, ஆகவே பழைய எண்ணும் கிராமப் பெயரும் கட்டாயம். இன்றைய பதிவைத் தமிழ்நாடு அரசின் இணைய நிலச் சேவையில் பார்த்துக்கொள்ளலாம்: கிராமத்துக்கு அ-பதிவேடு, நகரத்துக்கு நகர நில அளவைப் பதிவேடு.

அடுத்து பழைய கிராம வரைபடம். சேப்பாக்கத்தில் நில அளவைத் துறைத் தலைமையகத்திலும், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். பழைய தாள்கள் பெரும்பாலும் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1-க்கு 3960. நீலம் தீட்டிய பரப்பு ஏரி. அதன் ஒரு பக்கம் மட்டும் தடித்த கோடு ஓடினால் அது கரை. நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். கரையை ஒட்டிய உட்பக்கம்தான் ஆழம் அதிகம், ஆகவே மழையில் முதலில் நிரம்பி கடைசியில் வடிவது அந்த மனைகள். மேற்கு விளிம்பில் உள்ளவை ஓரளவு தப்பும்.

வரைபடத்தில் சர்வே எண் கிடைத்ததும் புலப்படம் (அந்த ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து ஒப்பிடுங்கள். இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுவார்கள். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸ், புதியதில் மீட்டர். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 0.66 அடி. '150' என்று எழுதியிருந்தால் லிங்க்ஸ் கணக்கில் 99 அடி, மீட்டர் கணக்கில் 492 அடி. சந்தேகம் வந்தால் பரப்பை வைத்துச் சரிபாருங்கள்: ஏக்கர், சென்ட் என்றிருந்தால் அளவு லிங்க்ஸ், ஹெக்டேர், ஏர்ஸ் என்றால் மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட்.

பழைய பதிவேட்டில் 'சர்க்கார் புறம்போக்கு, ஏரி' என்றிருந்து இன்று 'ரயத்துவாரி மனை' என்றிருந்தால், நடுவில் வகைமாற்ற உத்தரவு ஒன்று இருந்தாக வேண்டும். அதன் எண்ணையும் தேதியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 'இந்த மனை ஏரியா?' என்று கேட்காதீர்கள், பதில் வராது. 'இந்தக் கிராமத்தின் இந்தச் சர்வே எண்ணுக்கு வகைப்பாடு மாற்றிய உத்தரவின் நகல்' என்று ஆவணத்தைக் கேட்டால் வரும்.

கள ஆய்வுக்கு 1-க்கு 50,000 இடக்கிடப்பியல் தாளை நம்ப வேண்டாம். அதன் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் போவதால் சென்னைத் தட்டையில் ஒன்றும் காட்டாது. மட்டம் அளக்கும் கருவியான டம்பி லெவலோ ஆட்டோ லெவலோ ஒன்றை இரவல் வாங்கி, தெருவின் ஆள்நுழைவு மூடிகளில் வரிசையாக மட்டம் எடுங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள் என்பதால் பழைய வீடுகளின் வாசற்படி மட்டத்தையும் சேர்த்துக் குறியுங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் ஏரியின் கிண்ணம் தெரிய ஆரம்பிக்கும்.